தச்சர் தனக்காகக் கட்டிய வீடு: வடசென்னையில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கல்மண்டபம்:

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது பிலடெல்பியாவுக்கு மேற்கே, மால்வெர்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். வார்ட்டன் எஷெரிக் என்பவர் 1926-ல் கட்ட ஆரம்பித்த பட்டறை அது. பிறகு அங்கேயே குடியிருக்கவும் தொடங்கிவிட்டார். சுமார் 40 வருடம் அந்த ஒரே கட்டடத்தை நீட்டி, இடித்து, சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். 1970-ல் இறந்தார். இரண்டு வருடம் கழித்து அதை மியூசியமாகத் திறந்தார்கள். முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள், கூட ஒருவர் வந்து விளக்குவார்.

மனிதர் முதலில் ஓவியர். படங்களுக்கு மரச்சட்டம் செதுக்கிப் போட்டார். வந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு சட்டத்தை மெச்சினார்களாம். அப்புறம் மரமே தொழிலாகிவிட்டது.

வீட்டின் நடுவே ஒரு சுருள் மாடிப்படி, 1930-ல் செய்தது. நடுவில் முறுக்கிக்கொண்டு மேலே போகும் ஒரு ஓக் மரத் தூண். அதில் ஒவ்வொரு படியையும் கழுந்து (துளைக்குள் பொருந்தும் நாக்கு) வைத்துச் செருகியிருக்கிறார். படிகளின் மறுமுனைக்கு எந்தத் தாங்கலும் இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. பார்த்ததும் பயம் வரும், ஏறினால் அசைவே தெரியாது. இந்தப் படிக்கட்டைக் கழற்றி 1939-40-ல் நடந்த நியூயார்க் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு அறைத் தரை முழுக்க ஆப்பிள், வால்நட் துண்டு மரங்கள். நாமென்றால் அடுப்புக்குப் போட்டிருப்போம். கதவுத் தாழ்ப்பாள், விளக்கு, கைப்பிடி எதுவும் கடையில் வாங்கியதாகத் தெரியவில்லை. பின்னாளில் பக்கத்திலேயே தனியாக ஒரு பட்டறை கட்ட, நம் அகமதாபாத் ஐஐஎம் கட்டடத்தை வடிவமைத்த லூயி கானோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார்.

என்னை ரொம்ப நேரம் நிறுத்தியது சுவரில் இருந்த கோட்டு மாட்டும் முளைகள். அந்த வீட்டைக் கட்ட வந்த வேலைக்காரர்களின் முகங்களைக் கொஞ்சம் கேலியாக அந்த முளைகளில் செதுக்கி வைத்திருக்கிறார். கல் அடுக்கியவர், தச்சு வேலை பார்த்தவர் எல்லோரும் சுவரில் வரிசையாக இருக்கிறார்கள்.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் மட்டுமே எத்தனையோ தச்சர்கள் இருந்தார்கள். ஒருவர் வீட்டுக்குள்ளும் இப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகம் இல்லை. நம் பக்கம் யாராவது தனக்கென்று, தன் கையால் இழைத்து இழைத்துக் கட்டிக்கொண்ட வீடு இருக்கிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

இழைப்புளி:

சார், நான் இந்தத் தொழிலில் இருப்பவன், வியாசர்பாடி. என் வீட்டில் கட்டில் இரும்பு. கடையில் தவணைக்கு வாங்கியது. சிரிக்காதீர்கள்.

காரணம் சுலபம். நாங்கள் நாள் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். காலை 9 மணிக்கு அடுத்தவன் வீட்டில் மைக்கா ஒட்டிவிட்டு இரவு வந்து நம் வீட்டுக்கு இழைப்புளி பிடிக்க உடம்பு கேட்காது. மரம் பார்ட்டி (வேலை கொடுக்கும் வீட்டுக்காரர்) காசில் வருகிறது. மிஞ்சிய துண்டு கூட பார்ட்டியுடையது. தேக்குத் துண்டு ஒன்றைப் பையில் போட்டால் திருடன் என்பார்கள்.

நீங்கள் சொன்ன ஆளுக்குச் சொந்த இடம் இருந்தது, 40 வருடம் நேரம் இருந்தது. எனக்கு வாடகை வீடு. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும்.

இப்போது வேலையும் மாறிவிட்டது. பிளைவுட், லேமினேட், சேனல், ஹிஞ்ச். கழுந்து போடத் தெரிந்த பசங்கள் குறைவு. பீகார், ராஜஸ்தான் பசங்கள் நன்றாகவே செய்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாருக்கும் தனக்கென்று ஒன்று செய்துகொள்ள நேரம் கிடையாது.

---

பெரம்பூர் லோகோ:

இழைப்புளி சொல்வது பாதி சரி. மாதச் சம்பளத் தச்சர்கள் என்று ஒரு கூட்டம் நம் பக்கத்தில் இருந்தது, அவர்களை மறந்துவிட்டீர்கள். என் தாத்தா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சர். அப்போது ரயில் பெட்டியின் உடம்பே மரம். சீட்டு, ஜன்னல், லக்கேஜ் பலகை எல்லாம் தேக்கு. 1955-ல் இங்கேயே ஐசிஎஃப் வந்தது, முழுக்க இரும்பில் பெட்டி செய்யத் தொடங்கியது. மரவேலை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவிட்டது.

அந்தக் காலத்து ஆட்களுக்கு ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும், சாயங்காலம் சொந்தம். தாத்தா செய்த அலமாரி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கண்டெம் ஆன (ஓட்டத்திலிருந்து கழித்துவிட்ட) பெட்டி மரத்தை ஏலத்தில் எடுத்தவர்களிடம் வாங்கிச் செய்தது. ஒரு பலகையில் இன்னும் பழைய திருகாணி ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், மரமுளை அடித்து மூடியிருக்கிறார். வீடு என்று சொல்ல முடியாது, ஒரு அலமாரி அவ்வளவுதான்.

---

பழைய வண்ணை:

எனக்கு இந்த இழையில் உறுத்துவது வேறு. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், ஜார்ஜ் டவுன் வீடுகளில் பர்மா தேக்குத் தூணும் நிலையும் இல்லாத பழைய வீடு உண்டா? கதவு ஒன்றை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். நிலையில் கொடிக்கருக்கு, மேலே கஜலட்சுமி. அந்த வீட்டைக் கட்டிய முதலாளி பெயரும் வருடமும் முகப்பில் சுதையில் இருக்கும். கஜலட்சுமியைச் செதுக்கியவர் பெயர் எங்கேயும் இருக்காது. கல்மண்டபம் சார் சொன்ன கோட்டு முளையைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

இப்போது அந்த வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் போடுகிறார்கள். நிலையும் கதவும் பழைய மரக்கடைக்குப் போய், அங்கிருந்து ஈசிஆர் பக்கம் ஏதாவது ரிசார்ட் வரவேற்பறையில் மேஜையாகப் படுத்துக்கொள்கிறது. மேலே ஒரு கண்ணாடி வேறு.

---

தேரடி:

எஷெரிக் பேச்சு வந்ததால் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், அவருக்கு நம் ஊர்ப் பக்கம் நேரடித் தொடர்பு உண்டு. ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், படித்தது கட்டடக்கலை. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். அவரிடம் வேலை பார்த்த நகாஷிமா 1930களின் பிற்பகுதியில் பாண்டிச்சேரிக்கே வந்து தங்கி அந்தக் கட்டட வேலையைக் கவனித்தார். ஆசிரமத்தில் சேர்ந்து, அரவிந்தர் வைத்த சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார்.

கோல்கொண்டாவை வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். சுவருக்குப் பதில் அடுக்கடுக்கான சிமென்ட் தகடுகள், திருப்பினால் திறக்கும். உள்ளே அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆனவை, ஓரமாகத் தள்ளலாம், காற்று சட்டங்களின் இடையே போய்வரும். மே மாதத்தில் கூட உள்ளே இருக்க முடியும். ஏசி இல்லாத காலத்து மூளை.

அவர் அமெரிக்கா திரும்பியதும் போர் வந்துவிட்டது. ஜப்பானிய ரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக 1942-ல் மனைவி, கைக்குழந்தையோடு ஐடஹோவில் முகாமில் அடைத்தார்கள். அந்த முகாமில்தான் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் உட்கார்ந்து கைவேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டார். அடுத்த வருடம் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே எடுத்தார். பிறகு பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் தன் கையாலேயே வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின் மகள் மிரா பட்டறையை நடத்தி வந்தார். உங்கள் மகள் வீட்டுக்கு அடுத்த முறை போனால் அதையும் பாருங்கள் சார், எஷெரிக் வீட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

பலகையில் விரிசல் இருந்தால் நகாஷிமா வெட்டி எறிய மாட்டார். விரிசலுக்குக் குறுக்கே உடுக்கை வடிவத்தில் ஒரு மரத்துண்டைப் பதித்துவிடுவார். விரிசல் அதற்கு மேல் ஓடாது, பார்க்கவும் அழகு.

---

உப்புக்காற்று:

கல்மண்டபம் சாருக்கு: இருக்கிறது. என் பெரியப்பா வீடு, காசிமேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். அவர் வீட்டுத் தச்சர் இல்லை, படகு தச்சர். வல்லம், விசைப்படகு எல்லாம் கட்டியவர். சுனாமிக்கு அப்புறம் எல்லோரும் ஃபைபருக்குப் போய்விட்டார்கள், மர வேலை நின்றுபோனது. கையில் வேலை இல்லாத அந்த வருடங்களில்தான் தன் வீட்டை நோண்ட ஆரம்பித்தார். இழைப்புளி அண்ணன் நேரம் இல்லை என்று எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. பெரியப்பாவுக்கு நேரம் கிடைத்தது தொழில் போனதால்.

பார்க்க வேண்டும் என்றால் வரலாம், அவருக்கு ஆள் வந்தால் பிடிக்கும். பெயரும் போட்டோவும் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

---

பழைய வண்ணை:

போய்விட்டு வந்தேன். தம்பி உப்புக்காற்றுக்கு நன்றி, பெரியம்மா வைத்த இறால் தொக்குக்கு அதைவிடப் பெரிய நன்றி.

மனை 11 அடி அகலம்தான் இருக்கும். கீழே பட்டறை, மேலே குடித்தனம், அதற்கு மேல் தகரம் போட்ட மொட்டைமாடி. கடல் பக்கத்தில் இருப்பதால் இரும்பு எல்லாம் துருப்பிடிக்கும், உளியையும் வாச்சியையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) ஒன்று, புளியமரத்தில் செய்தது, அடித்து அடித்து நடுவில் குழிந்துவிட்டது. மாற்றவில்லையா என்றேன். குழிந்த பக்கம்தான் உளி நழுவாமல் உட்காருகிறது என்றார்.

மாடிப்படியைச் சொல்ல வேண்டும். 11 அடியில் சாதாரணப் படி வைத்தால் பாதி வீட்டை அதுவே தின்றுவிடும். இவர் ஒவ்வொரு பலகையையும் ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக வெட்டியிருக்கிறார். ஒரு படி இடது காலுக்கு, அடுத்தது வலது காலுக்கு, மாறி மாறி. ஏணி அளவு இடத்தில் படிக்கட்டு முடிந்துவிட்டது. முதலில் தப்பான காலை வைத்தால் தடுமாறும். பேரப்பிள்ளைகள் ஓடி ஏறுகிறார்கள்.

இரண்டு பக்கமும் படியைத் தாங்கும் சட்டம் நேராக இல்லை, லேசாக வளைந்து போகிறது. உடைத்த விசைப்படகு ஒன்றின் வங்குக்கால்கள் (படகுக்கு விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்து நிற்கும் கட்டைகள்) அவை, கருவேலம். படகுக்கு வங்கு செய்யும்போது நேர்க்கட்டையை வளைவாக அறுக்க மாட்டார்களாம். அறுத்தால் மரத்தின் நரம்பு குறுக்கே வெட்டுப்பட்டு, அலை மோதும்போது அங்கேயே உடையும். அதனால் மரத்திலேயே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்கள். "மரத்த நீ வளைக்காத, வளைஞ்சத தேடிப் போ" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொல்வாராம். அந்தத் தேடலுக்கு மதுராந்தகம் தாண்டி ஏரிக்கரைகள் வரை போயிருக்கிறார்கள்.

படிக்கட்டில் ஆணியே இல்லை. கருவேலத்தில் இரும்பு ஆணி அடித்தால், ஈரக்காற்றில் ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கறை இறங்கும், கொஞ்ச நாளில் ஆணி இற்றுப்போகும். அதனால் கழுந்து, ஆப்பு, மரமுளை மட்டும்.

சமையலறை மேடை வழக்கத்தைவிடத் தாழ்வு. பெரியம்மா குள்ளம், அவர் முழங்கை உயரத்தை அளந்து வைத்திருக்கிறார். நான் நின்று பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மருமகளுக்கும் அதே புகார். மருமகள் உயரம்! மேலே இன்னொரு பலகை போட்டு, வேண்டும்போது உயர்த்திக்கொள்ள வழி செய்து தருவதாகச் சொல்லிப் பல மாதம் ஆகிறதாம். அந்தப் பேச்சு வந்ததும் பெரியப்பா கீழே பட்டறைக்குப் போய்விட்டார்.

சாப்பிடும் மேஜை, தூங்குமூஞ்சி மரம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் ஊரெல்லாம் மரம் சாய்ந்ததே, அப்போது விழுந்தது. அறுத்து லாரியில் ஏற்ற வந்தவர்களிடம் அடிமரத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மரவாடியில் கொடுத்துப் பலகையாக அறுத்து, மொட்டைமாடியில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கிவிட்டார். வெளிர்ப் பழுப்பில் கரும்பழுப்பு ரேகை, அவ்வளவு அழகு. தேரடி, நீங்கள் சொன்ன உடுக்கைத் துண்டு இந்த மேஜையிலும் ஒன்று இருக்கிறது. நகாஷிமா பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

பிடிக்காததையும் எழுதிவிடுகிறேன். முன்பக்கம் மட்டும்தான் ஜன்னல், உள்ளே இருட்டு. கீழே அறுக்கும் தூள் எல்லாம் மேலே வருகிறது, பெரியம்மாவுக்கு இருமல் நிற்பதில்லை. குளியலறைக்கு வேப்பமரக் கதவு போட்டு அது அடியில் மக்கி, இப்போது அங்கே நீல நிற பிவிசி கதவு தொங்குகிறது. அவ்வளவு மரத்துக்கு நடுவில் அந்த நீலம் கண்ணை உறுத்துகிறது, ஆனால் நனையும் இடத்துக்கு அதுதான் சரி என்று அவரே சொல்கிறார்.

வீடு கட்டும்போது உடன் வேலை செய்தவர்களைப் பற்றிக் கேட்டேன். கோட்டு முளைக் கதையையும் சொன்னேன். "சம்பளம் குடுத்துட்டேனே, மூஞ்சி எதுக்கு?" என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொருவர் பெயராக, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது வரை சொல்லிக்கொண்டே போனார். பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

---

இழைப்புளி:

படித்தேன். அந்தப் படிக்கட்டு நேரில் பார்க்க வேண்டும். மாறி மாறி வரும் படியை நான் போட்டிருக்கிறேன், ஆனால் இரும்பு ஃபிரேமில்.

தூங்குமூஞ்சி பற்றி ஒரு வார்த்தை. மரக்கடையில் அதை விறகு லிஸ்டில்தான் வைப்பார்கள். ஆனால் காயும்போது ரொம்பச் சுருங்காத மரம், முறுக்கிக்கொள்வதும் குறைவு. அதனால்தான் பெரிய அகலப் பலகைக்கு ஒத்துவருகிறது. வெளிநாட்டில் இதையே பெரிய விலைக்கு மேஜையாக விற்கிறார்கள். இங்கே புயலுக்குப் புயல் கூறு போட்டுத் தள்ளுகிறோம்.

யாராவது இதைப் படித்துவிட்டு மரம் எடுக்கப் போனால் கவனிக்க வேண்டியது: அறுத்த முனைகளில் உடனே பெயின்ட்டோ மெழுகோ அடியுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், விட்டால் முனை வெடித்துவிடும். வெயில் படக் கூடாது, காற்று படவேண்டும். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. வெள்ளைக்கட்டையில் (பட்டையை ஒட்டிய வெளிர் பகுதி) பூச்சி வரும், அதைச் சீவிவிடுங்கள் அல்லது மருந்து அடியுங்கள். அப்புறம் மேஜையின் கால் சட்டத்தில் பலகையை இறுக்கித் திருகாதீர்கள். நம் ஊரில் ஐப்பசி மழைக்கு அகலவாக்கில் ஊதும், சித்திரையில் சுருங்கும். திருகாணி ஓட்டையை நீளமாக வெட்டினால் நகர இடம் கிடைக்கும். கதவு மழைக்காலத்தில் பிடிப்பதும் இதனால்தான், உடனே இழைத்துத் தள்ளாதீர்கள். கோடையில் சந்து தெரியும், அப்புறம் என்னைக் கூப்பிடுவீர்கள்.

---

கல்மண்டபம்:

தம்பி உப்புக்காற்று, பெரியப்பாவுக்குப் பிறகு இந்த வீடு என்ன ஆகும்? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பென்சில்வேனியாவில் குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து காப்பாற்றியதால்தான் நான் பார்க்க முடிந்தது.

---

உப்புக்காற்று:

இதில் மறைக்க ஒன்றுமில்லை சார். மூன்று பிள்ளைகள், 11 அடி மனை. இடித்து மூன்று மாடி போடுவது என்று பேசி முடித்தாகிவிட்டது, எப்போது என்பதுதான் பாக்கி. பெரியப்பாவுக்கு அதில் வருத்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் கட்டிய படகுகளில் ஒன்று கூட இன்று கடலில் இல்லை. எல்லாம் உடைத்து விறகுக்கும் வாடிக்கும் போனவை. அந்த வங்குக்கால் அப்படி வந்ததுதானே. "ஆப்பத் தட்டுனா படி கழண்டு வரும், வேணுங்கறவன் எடுத்துட்டுப் போவட்டும்" என்கிறார்.

---

தேரடி:

அப்படியென்றால் கழற்றுவதற்கு முன்னால் அளவெடுத்து வரைந்து வைக்கலாமே. எந்தப் படி எந்தத் துளையில் என்று நம்பர் போட்டுவிட்டால் வேறு இடத்தில் மாட்டலாம். எஷெரிக் படிக்கட்டே நியூயார்க் போய்த் திரும்பியிருக்கிறது. காசிமேட்டிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போகாதா?

---

பெரம்பூர் லோகோ:

மாட்ட இடம்? எங்கள் வீட்டு மாடிக்கு இரும்பு ஏணிதான் இருக்கிறது. உயரம் ஒத்துவந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன். பெரியப்பா விலை சொல்லட்டும், சும்மா வேண்டாம்.

---

இழைப்புளி:

உயரம் ஒத்துவராவிட்டால் அடியில் ஒரு கட்டை கூட்டலாம், அது பிரச்சினை இல்லை. தளத்தில் துளை எவ்வளவு அகலம் என்று அளந்து போடுங்கள் லோகோ. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. டேப்பும் மூலைமட்டமும் நான் கொண்டுவருகிறேன், வரைவதற்கு யாராவது பேப்பர் எடுத்து வாருங்கள். மருமகள் மேடைப் பலகையையும் அன்றே பார்த்துவிடலாம், அரை நாள் வேலை கூட இல்லை.

---

உப்புக்காற்று:

10 மணிக்கு மேல் வாருங்கள். விடிகாலையில் மீன் ஏல நெரிசல், வண்டி உள்ளே வராது. பைக் நிறுத்த சந்தில் இடமில்லை, புதுவண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடியுங்கள். எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் சொன்னால் பெரியம்மா அதற்குத் தகுந்த மாதிரி மீன் வாங்குவார்.